கப்பலில் பால்கனி இல்லாத அறை

தாலுகா ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவள் நான். பட்டா, சிட்டா, அடங்கல், ஒரே நிலத்துக்கு மூன்று பேர் கொண்டுவரும் மூன்று தஸ்தாவேஜு, மூன்றிலும் ஒரே மாதிரிச் சாட்சிக் கையெழுத்து என்று பார்த்துப் பார்த்து என் கண் ஒரு மாதிரியாகிவிட்டது. யாராவது சிரித்த முகத்தோடு எதையாவது நீட்டினால், நீட்டிய கையை விட்டுவிட்டு இன்னொரு கை எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் அந்தப் புத்தி போகவில்லை. காய்கறிக்காரர் கொசுறாகக் கொத்தமல்லி வைத்தால்கூடத் தராசை இன்னொரு தடவை பார்ப்பேன். இதற்காக என் வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

துபாயில் இருக்கும் மகன், எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகப்போகிறது என்று கண்டுபிடித்து, அப்பாவும் அம்மாவும் கப்பலில் போய்வர வேண்டும் என்று தீர்மானித்தான். சென்னையில் ஏறினால் இலங்கை வரை கூட்டிப்போய், நாலாம் நாள் திரும்பச் சென்னையிலேயே இறக்கிவிடுவார்களாம். அவனே இன்டர்நெட்டில் புக் பண்ணியிருக்கலாம். செய்யவில்லை.

"ஏஜென்ட் மூலமா போட்டா எக்ஸ்ட்ராவா நெறைய கெடைக்கும்மா. தஞ்சாவூர்ல என் ஃபிரண்டுக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்க. நேர்ல போய்ப் பேசுங்க" என்றான்.

எக்ஸ்ட்ரா என்று கேட்டதுமே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

மகனுக்கு நான் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அவன் அப்பாவுக்கு மறதி வந்திருந்தது. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மறதி இல்லை. போன குறுவையில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் விடப் போனவர், பக்கத்து வயலின் மடையைத் திறந்துவிட்டு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாகத் திறந்து மூடிய மடை. இன்னொரு நாள் குடவாசல் கடைத்தெருவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் நின்றதை நானே பார்த்தேன். தற்செயலாக வந்தவள் மாதிரி, "என்னங்க, எனக்காகவா நிக்கிறீங்க, வாங்க போவோம்" என்று கூட்டிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து அதுவே எனக்கு வேலையாகிவிட்டது. பேச்சில் யாராவது பெயர் வராமல் அவர் தடுமாறினால் நடுவில் புகுந்து எடுத்துக்கொடுப்பேன். யூரியா போட்டாயிற்றா இல்லையா என்று அவர் யோசிக்கும் முன்பே நான் சொல்லிவிடுவேன்.

ஊருக்குத் தெரியக்கூடாது, மகனுக்குத் தெரியக்கூடாது, எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் டாக்டர், ஸ்கேன், நிலத்தைக் குத்தகைக்கு விடு, வீட்டைப் பூட்டு என்று வரிசையாக வந்துவிடும். எனக்குப் பயம். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, வெறும் பயம். கப்பல் வேண்டாம் என்றால் மகன் ஏன் என்று குடைவான். அதோடு, எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிற காலத்திலேயே ஒருமுறை எங்கேயாவது இரண்டு பேருமாகப் போய்வந்துவிட வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. சம்பா அறுவடை முடிந்து மாசியில் போவதாக முடிவாயிற்று.

அந்த ஏஜென்டின் ஆபீஸ் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, மாடியில் ஒரே ஓர் அறை. முப்பத்தைந்து வயது இருக்கலாம் அந்தப் பெண்ணுக்கு. மெல்லிய குரல். நான் கேட்ட எதற்கும் அவள் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. அவசரப்படாதவர்கள் யோசித்து வைத்திருப்பவர்கள்.

"நேரா கம்பெனி வெப்சைட்ல போட்டாலும் இதே ரேட்டுதாம்மா. என் மூலமா போட்டா, ரூம் காலியிருந்தா ஒரு படி மேல மாத்திக் குடுப்பாங்க. கப்பலுக்குள்ள செலவு பண்றதுக்குக் கொஞ்சம் கிரெடிட் குடுப்பாங்க. ஏறும்போது வரிசையில நிக்க வேண்டியதில்ல" என்றாள்.

"அதே ரேட்டுல இவ்வளவும் தர்றதுன்னா ஒனக்கு என்ன லாபம்?"

"எனக்குக் கமிஷன் கப்பல் கம்பெனி குடுத்துடும்மா. உங்ககிட்ட நான் தனியா ஒண்ணும் வாங்க மாட்டேன்."

பாருங்கள், எவ்வளவு சுத்தமான பதில். சம்பளம் கொடுப்பவன் கப்பல்காரன், உபகாரம் செய்வது எனக்காம். என் காதில் பூச்சுற்ற வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் சிரமப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். முந்தின வாரமே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த வெப்சைட்டைப் பார்த்திருந்தேன். அவள் சொன்ன ரேட்தான் அதிலும் இருந்தது. பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். உண்மை சொன்னதால் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று.

பிறகு அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். படி ஏறுவீர்களா, சாப்பாட்டில் எது ஆகாது, மாத்திரை ஏதாவது உண்டா, தூக்கம் எப்படி. கப்பல் டிக்கெட்டுக்குத் தூக்கம் எதற்கு? "அவருக்கு ஒண்ணும் கெடையாது. வயக்காட்டு உடம்பு" என்று வெட்டிவிட்டேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த கப்பல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஸ்போர்ட்டுக்கு நகல் வேண்டும் என்றாள். மேஜையிலேயே ஒரு மெஷின் இருந்தது. அதில் வைத்தால் நமக்கு ஒன்று, அவளுக்கு எத்தனை என்று யார் கண்டது? நானே கீழே இறங்கித் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எடுத்து, நகலின் மேலே எந்தக் காரியத்துக்கு என்று கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததும் பேச்சு நின்றது.

"என்ன பேச்சு?" என்றேன்.

"கப்பல்ல தயிர்சாதம் கெடைக்குமான்னு கேட்டேன்" என்றார் அவர்.

அந்தப் பெண் தலையைக் குனிந்து எதையோ எழுதினாள். என்னவோ கையெழுத்து வாங்கப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது, "ஏதாச்சும் பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்களா?" என்று நீடாமங்கலம் வருவதற்குள் நாலு தடவை கேட்டேன். இல்லை என்று நாலு தடவையும் பொறுமையாகச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. எங்களுக்குப் பால்கனி வைத்த அறை இலவசமாக ஒதுக்க முடியும் என்று கப்பல் கம்பெனி சொல்லியிருக்கிறது, உறுதியானதும் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் கடல், இரண்டு நாற்காலி, கையில் காபி என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டேன். அவரிடம் சொன்னபோது மட்டும், "அப்படியா" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

டிக்கெட் வந்தது. எடுத்து வாசித்தால் உள்பக்கத்து அறை. பால்கனியும் இல்லை, ஜன்னல்கூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதே போன் போட்டேன்.

"பால்கனி என்னாச்சு?"

"அது ஒத்து வரலைம்மா" என்றாள். "இது நல்ல ரூம்மா. லிஃப்டுக்குப் பக்கத்துலயே. பால்கனிக்குப் பதிலா கிரெடிட் கூட்டி வாங்கியிருக்கேன்."

"யாருக்கு ஒத்து வரலை? கம்பெனிக்கா, ஒனக்கா?"

பதில் இல்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பொய்யாவது சொல்லியிருக்கலாம். பதில் இல்லாததை வைத்தே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். எங்கள் பெயரில் வந்த பால்கனியை வேறு யாருக்கோ தள்ளிவிட்டு, எங்கள் தலையில் ஜன்னலில்லாத பொந்தைக் கட்டியிருக்கிறாள். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "வெவசாயக் குடும்பம்தானே, என்ன தெரியப்போவுதுன்னு நெனச்சியா" என்றுகூடக் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போய்ட்டு வாங்கம்மா, நல்லபடியா இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிட வேண்டும் என்று நான் குதித்தேன். எதிலும் பிடிவாதம் பிடிக்காத மனுஷர், அன்றைக்குப் பிடித்தார்.

"விடு. போய்ட்டு வருவோம்."

"ஜன்னல்கூட இல்லீங்க."

"தூங்கறதுக்குத்தானே ரூமு. கடலப் பாக்கணும்னா மேல போய்ப் பாத்துக்குவோம். ரெண்டு பேருமா போய்ப் பாப்போம்."

உங்களுக்கு எல்லாரும் நல்லவர்கள் என்று அவர் மேலும் எரிந்து விழுந்தேன். அவர் சிரித்தார்.

துறைமுகத்தில் வரிசை நீளமாக நின்றது. எங்கள் பெயரைக் கூப்பிட்டுத் தனி வழியில் அழைத்துப் போனார்கள். அதோடு ஒரு சக்கர நாற்காலியும் வந்தது. யாருக்கு என்று கேட்டேன். தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. எங்களைப் பார்த்தால் நோயாளி மாதிரியா இருக்கிறது என்று அதைத் திருப்பி அனுப்பினேன். உள்ளே போனதும் அந்தக் கிரெடிட் உண்மைதானா என்று பார்க்க ஒரு காபி வாங்கினேன். குடித்துவிட்டு நேரே கவுன்டருக்குப் போய்க் கேட்டேன். அவள் சொன்னது அப்படியே இருந்தது, காபிக்கு மட்டும் குறைந்திருந்தது. இதில் சரியாக நடந்துகொண்டு வேறெதில் வைத்திருக்கிறாளோ என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. தயிர்சாதம் கிடைத்தது. மேல்தளத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. கூச்சமாகவும் இருந்தது, விட்டுவிடப் போகிறாரோ என்றும் இருந்தது.

இரண்டாம் நாள் காலை, பொழுது விடிகிற நேரம், குளித்துவிட்டு வெளியே வந்தால் கட்டில் காலி. அறைக் கதவு சாத்தியிருந்தது. செருப்பு இல்லை. ஈரத் தலையோடு ஓடினேன். லிஃப்டில் ஏறி மேல்தளத்துக்குப் போனேன்.

கம்பிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஒரு கால் கீழ்க்கம்பி மேல் இருந்தது. பக்கத்தில் கப்பல் சீருடையில், நாற்பது வயதுக்காரர் ஒருவர், இவர் முழங்கையை வலிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் சாம்பல் நிறத்தில் தண்ணீர். வேறெதுவும் இல்லை.

"பயிரு முங்கிட்டு" என்றார் என்னைப் பார்த்ததும். "ஒரு நுனிகூட வெளியில தெரியலை. வடிகால்ல எங்கேயோ அடைச்சிருக்கு. மம்பட்டிய எடுத்துட்டு வா. எறங்கி வரப்பை வெட்டி விட்டுட்டு வந்துடுறேன்."

கார்த்திகை மழையில் வயல் முழுகினால் இப்படித்தான் விடிகாலையில் இறங்குவார். இடுப்பளவு தண்ணீரில் நின்று வரப்பை வெட்டிவிட்டு, குளிரில் உதடு நீலமாகி வந்து நிற்பார். அந்த ஆள்தான் அங்கே நின்றார். மாசி மாதம் என்பதும், அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்தாயிற்று என்பதும், கீழே இருப்பது கடல் என்பதும் அவர் நினைவில் இல்லை.

"வடிஞ்சிடுங்கய்யா. நாகப்பட்டினத்துப் பக்கம் மொகத்துவாரத்தத் தொறந்து விட்டாச்சு. பொழுது ஏற வடிஞ்சிடும்" என்றார் அந்த ஊழியர். அவர் பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சாக இருந்தது.

"தொறந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு இவர் காலைக் கீழே வைத்தார்.

அறைக்குக் கூட்டிவந்து படுக்க வைத்தேன். சிறிது நேரத்தில் தூங்கிப்போனார். வாசலில் நின்றுகொண்டிருந்த அந்த ஊழியரிடம், எப்படி அங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். என் குரலில் நன்றி இல்லை, விசாரணைதான் இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"இந்த ரூம்லேர்ந்து ஐயா தனியா வெளியில வந்தா கூடவே போகணும்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்கம்மா. புக்கிங்லயே எழுதியிருக்கு. உங்க ஏஜென்ட் போன்லயும் ரெண்டு தடவை சொன்னாங்களாம்" என்றார். பிறகு, "பால்கனி ரூமா இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீதி இரண்டு நாளும் அவர் கையை விடவில்லை நான். எழுந்த பிறகு நடந்தது எதுவும் அவருக்கு நினைவில் இருந்த மாதிரி தெரியவில்லை. எனக்கோ ஒரே எரிச்சல். அந்த ஊழியர் மேல் இல்லை, அவள் மேல். அவள் யார், என் புருஷனைப் பற்றி எழுதி அனுப்ப? கூடப் பிறந்தவர்களுக்குக்கூடத் தெரியாமல் நான் மூடி வைத்ததை, கால்மணி நேரம் பார்த்தவள் கப்பல் முழுக்கப் பரப்பியிருக்கிறாள். நல்லது நடந்ததே என்று மனசில் ஒரு பக்கம் சொன்னது. இன்னொரு பக்கம் அதைப் பேசவே விடவில்லை.

தஞ்சாவூரில் ரயிலை விட்டு இறங்கியதும் ஊருக்குப் போகாமல் நேரே பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தேன். ஜவுளிக்கடையை ஒட்டியிருந்த ஜூஸ் கடையில் அவரைப் பெட்டிகளோடு உட்கார வைத்தேன். மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற நாற்காலியாகப் பார்த்துத்தான் உட்கார வைத்தேன். பிறகு மேலே ஏறினேன்.

"அவருக்குப் புத்தி சரியில்லைன்னு எழுதி அனுப்ப ஒனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?" என்றேன், உட்காராமலேயே.

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"ஐயாதாம்மா குடுத்தாங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அன்னைக்கி நீங்க ஜெராக்ஸ் எடுக்கப் போனீங்கள்ல, அப்ப சொன்னாங்க. பாப்பா, எனக்கு அப்பப்ப எடம் பிடிபட மாட்டேங்குது. கடல் பக்கம் கதவு தொறக்கிற ரூம் மட்டும் வேணாம். தனியா நடந்தா யாராச்சும் பாத்துக்கிற மாதிரி சொல்லி வையின்னாங்க. எம் பொண்டாட்டிக்குத் தெரியாது, தெரிஞ்சா ஒடஞ்சிபோயிடுவா, அவகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு கையப் புடிச்சிக்கிட்டுக் கேட்டாங்க." அவள் குரல் இன்னும் தணிந்தது. "பால்கனி வந்துச்சுல்ல, வந்த வேகத்துல உங்களுக்கு அனுப்பிட்டேன், அப்பறம்தான் ஞாபகம் வந்து ஐயாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். வேணாம்னாங்க. உங்களுக்கு என்ன காரணம் சொல்றதுன்னு எனக்குத் தெரியலைம்மா. நீங்க திட்டுனப்பவும் அதான் வாயத் தொறக்கலை."

நான் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயைத் திறந்தால் அழுகை வந்தது. அழுதேன். அவள் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

கீழே இறங்கி வந்தபோது அவர் முன்னால் இரண்டு கிளாஸ் ரோஸ் மில்க் இருந்தது. ஒன்று தொடாமல் இருந்தது.

"சண்ட போட்டுட்டு வந்தியா?" என்றார்.

"இல்லை."

"கண்ணு செவந்திருக்கு."

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்லங்க" என்றேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். மறந்துவிட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மறக்கவில்லை.

"என்னத்தச் சொல்றது" என்றார். "ஒலகத்துல யாரு என்ன சொன்னாலும் நம்ப மாட்டே. எனக்கு ஒண்ணுமில்லைங்கிறத மட்டும் நம்பிக்கிட்டு நிம்மதியா இருந்த. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை."

"நான் அதையும் நம்பலைங்க" என்றேன். "மடை மாத்தித் தொறந்தீங்கள்ல, அன்னையிலேர்ந்து நம்பலை."

தொடாத கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "அதானே பாத்தேன்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் முந்தானையால் துடைத்துக்கொண்டேன். கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மகன் நம்பரைப் போட்டுப் போனை அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே சொல்லுங்க" என்றேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் எடுத்ததும், கப்பல் எப்படியிருந்தது, ரூம் எப்படி, எக்ஸ்ட்ரா என்னென்ன குடுத்தாங்க என்று மகன் அடுக்கிக்கொண்டே போனது எனக்கும் கேட்டது. அவன் முடிக்கும்வரை இவர் காத்திருந்தார்.

"அதெல்லாம் அப்பறம் சொல்றேன் தம்பி" என்றார். "எனக்கு ஒடம்பு கொஞ்சம் சரியில்ல. ஒங்க அம்மாவுக்கு எல்லாம் தெரியும்."